பேஸ்மேக்கர் வைத்தபின் இதயத்தைச் சுற்றி நீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்து வீட்டுக்கும் வந்தாயிற்று. அப்புறம் எடுத்த எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) அறிக்கையில் "இதயத்தைச் சுற்றிக் கொஞ்சம் நீர் இருக்கிறது" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியால் தூக்கம் கெட்டவர்கள் கேட்கும் கேள்விகள்தான் இவை. உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் சொல்வதும் இங்கே எழுதியிருப்பதும் மோதினால், அவர் சொல்வதையே கேளுங்கள்.

இந்த நீர் சரியாக எங்கே இருக்கிறது?

இதயம் இரண்டு மடிப்புள்ள ஒரு பைக்குள் இருக்கிறது. அதை இதய உறை என்கிறோம். மருத்துவமனையில் பெரிகார்டியம் என்பார்கள். அந்த இரண்டு மடிப்புக்கும் நடுவே எல்லோருக்குமே 15 முதல் 50 மி.லி. வரை நீர் உண்டு. ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிற உறுப்பு உரசாமல் அசைய அந்த வழவழப்பு வேண்டும். அதனால் நீர் இருப்பதே நோய் ஆகிவிடாது. இருக்க வேண்டிய அளவைத் தாண்டினால்தான் பேச்சு.

வீட்டில் "இதயத்தில் நீர் கோத்துவிட்டது" என்று சொல்லும்போது மூன்று சங்கதிகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் தேங்குவது ஒன்று. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் நீர் சேர்வது இன்னொன்று. இதய உறைக்குள் சேர்வது மூன்றாவது. நாம் பேசுவது மூன்றாவதைப் பற்றி. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்குக் கெடுதலாகக்கூட முடியும் என்பதால், எது என்று முதலிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பேஸ்மேக்கர் தோளுக்குக் கீழேதானே இருக்கிறது? இதய உறையில் எப்படி நீர் வந்தது?

பெட்டி தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில் இருக்கிறது. அதிலிருந்து போகும் லீட் என்கிற மெல்லிய கம்பி, கழுத்தெலும்புக்கு அருகில் உள்ள ரத்தக்குழாய் வழியாக இறங்கி, இதயத்தின் வலது மேலறையிலோ கீழறையிலோ இரண்டிலுமோ போய் நிற்கும். அங்கே நகராமல் பிடித்துக்கொள்ள, இப்போது வைக்கும் பல லீட்களின் நுனியில் ஒரு குட்டித் திருகு இருக்கிறது. சுமார் 2 மி.மீ. நீளம். வலது கீழறையின் சுவரோ சில மி.மீ. தடிமன்தான், மேலறைச் சுவர் அதைவிடவும் மெல்லியது. கணக்கைப் பார்த்தால், இது எல்லோருக்கும் ஏன் நடப்பதில்லை என்பதுதான் ஆச்சரியம்.

திருகோ கம்பியின் நுனியோ சுவரைத் துளைத்து உறைக்குள் எட்டிப் பார்த்தால் ரத்தம் கசியலாம். பல சமயம் இதயத் தசையே சுருங்கி அந்தத் துளையை அடைத்துக்கொள்கிறது. வலது கீழறையின் அழுத்தமும் குறைவு: கையில் பட்டை கட்டிப் பார்க்கும் ரத்த அழுத்தம் 120 என்றால், அங்கே சுமார் 25தான். அதனால் கசிவு பெரும்பாலும் பீறிடாது.

இரண்டாவது வழியில் துளையே வேண்டியதில்லை. இதயத்தில் ஏற்பட்ட சின்னக் காயத்துக்கு உடலின் எதிர்ப்பாற்றல் அளவுக்கு மீறி எதிர்வினை காட்டி, உறை அழற்சி கண்டு, நீர் சுரக்கும். இது சில நாட்களோ சில வாரங்களோ கழித்து, காய்ச்சலும் நெஞ்சுவலியுமாக வரும்.

இது அடிக்கடி நடக்கிறதா?

இல்லை. பேஸ்மேக்கர் லீட் சுவரைத் துளைப்பது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நடக்கிறது. எந்தத் தொந்தரவும் தராத கொஞ்ச நீர் அதைவிட அதிகம் பேருக்கு இருக்கும். எக்கோ எடுத்ததால்தான் அது தெரியவே வருகிறது.

எவ்வளவு நீர் இருந்தால் ஆபத்து?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் அளவை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. எக்கோவில் நீரின் அகலத்தை அளந்து 10 மி.மீ.க்குக் கீழே என்றால் சிறிது, 10 முதல் 20 வரை நடுத்தரம், 20க்கு மேல் அதிகம் என்று எழுதுவார்கள். அறிக்கையில் வரும் எண் அதுதான். ஆனால் ஆபத்தைத் தீர்மானிப்பது, அந்த நீர் எவ்வளவு வேகமாகச் சேர்ந்தது என்பது.

இதய உறை ரப்பர் பலூன் மாதிரி சட்டென்று விரியாது. கெட்டியான தோல்பை மாதிரி. மெதுவாக, வாரக்கணக்கில் நீர் சேர்ந்தால் பை கொஞ்சம் கொஞ்சமாக இளகி இடம் கொடுக்கும். ஒரு லிட்டருக்கு மேல் சேர்ந்தும் நடந்து வந்து மருத்துவரைப் பார்ப்பவர்கள் உண்டு. அதே பைக்குள் சில நிமிடங்களில் 150 அல்லது 200 மி.லி., அதாவது ஒரு டம்ளர் அளவு ரத்தம், புகுந்தால் பை விரிய நேரம் கிடைக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, இதயத்தின் அறைகளை வெளியிலிருந்து நெருக்கும். துடிப்பு இருக்கும், ஆனால் அறைக்குள் ரத்தம் வந்து நிறையவே இடம் இருக்காது. இந்த நிலையைத்தான் டாம்போனேட் என்கிறார்கள். உடனே நீரை எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அதனால் அறிக்கையில் "எத்தனை மி.மீ." என்று பார்ப்பதோடு, "போன எக்கோவைவிடக் கூடியிருக்கிறதா? இதயத்தை அழுத்துகிறதா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் "இல்லை" என்று பதில் வந்தால் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கலாம்.

பேஸ்மேக்கர் வைத்து எத்தனை நாளுக்குள் இது வரும்?

பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்திலேயே, இல்லாவிட்டால் முதல் மாதத்துக்குள். ஒரு மாதம் தாண்டி, அபூர்வமாகச் சில ஆண்டுகள் கழித்தும் லீட் மெல்ல மெல்லச் சுவரைத் தாண்டிப் போனதாகப் பதிவுகள் உண்டு. மருத்துவமனையில் ஓர் இரவு தங்கவைத்து, மறுநாள் எக்ஸ்ரே எடுத்து, கருவியைச் சோதித்து அனுப்புவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

யாருக்கு வாய்ப்பு அதிகம்?

வயதானவர்கள், குறிப்பாக 80ஐத் தாண்டியவர்கள். பெண்கள். மெலிந்த உடல்வாகு உள்ளவர்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தவர்கள். நிரந்தர பேஸ்மேக்கருக்கு முன் அவசரத்துக்குத் தற்காலிகக் கம்பி வைக்கப்பட்டவர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துளை விழும் வாய்ப்பைவிட, விழுந்த துளை அடைபடாமல் கசிந்துகொண்டே இருப்பதுதான் கவலை.

என்ன அறிகுறி வந்தால் உடனே ஓட வேண்டும்?

மூச்சுத்திணறல், அதுவும் படுத்தால் கூடுவது. தலைசுற்றல், மயக்கம், கண் இருட்டுதல். ரத்த அழுத்தம் திடீரென்று இறங்குவது. கைகால் சில்லிட்டு வியர்ப்பது. கழுத்து ரத்தக்குழாய் புடைத்து நிற்பது. இதில் எது வந்தாலும் போன் செய்து விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆம்புலன்ஸில் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். போனதும் முதல் வார்த்தையாக "பேஸ்மேக்கர் வைத்து இத்தனை நாள் ஆகிறது" என்று சொல்லுங்கள்.

அவ்வளவு அவசரம் இல்லாவிட்டாலும் அன்றைக்கே காட்ட வேண்டியவை சில உண்டு. மூச்சை இழுத்தால் குத்துகிற, மல்லாந்து படுத்தால் கூடி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் தணிகிற நெஞ்சுவலி. தோளுக்குப் பரவும் வலி. காரணமில்லாத காய்ச்சல். அப்புறம், நிற்காத விக்கல். விக்கலைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள், ஆனால் லீட் இடம் மாறி உதரவிதானத்தையோ (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) அதன் நரம்பையோ தூண்டினால், பேஸ்மேக்கர் துடிக்கும் அதே தாளத்தில் விக்கலோ மேல்வயிற்றுத் துள்ளலோ வரும். இது வேடிக்கையான அறிகுறி, ஆனால் விட்டுவிடக் கூடாத அறிகுறி.

நாடி 60, 70 என்று ஒழுங்காக இருக்கிறதே, அப்படியானால் பயமில்லைதானே?

இப்படி நினைத்துத்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். சாதாரணமாக, இதயம் நெருக்கப்படும்போது அது வேகமாகத் துடித்து ஈடுகட்டப் பார்க்கும். நாடி 110, 120 என்று ஏறும். அதை வைத்துத்தான் ஏதோ சரியில்லை என்று முதலில் தெரியவரும். ஆனால் பேஸ்மேக்கர் வைத்தவர்களில் சிலருக்கு இதயம் தானாக வேகம் கூட்ட முடியாது. கருவி குறித்துக் கொடுத்த எண்ணிலேயே ஓடும். அவர்களுக்கு உள்ளே டாம்போனேட் வந்துகொண்டிருந்தாலும் நாடி 60லேயே நிற்கலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. லீட் சுவரைத் தாண்டிவிட்டால் அதன் மின்துடிப்பு இதயத் தசையில் சரியாகப் போய்ச் சேராது. அப்போது நாடி குறைந்து, பேஸ்மேக்கர் வைப்பதற்கு முன்னால் இருந்த அதே மயக்கம் திரும்ப வரும். ஆக, நாடி மட்டும் சாட்சி ஆகாது. ரத்த அழுத்தமும் மூச்சும் ஆளின் தெளிவும்தான் கணக்கு.

எக்கோ எடுத்தால் போதுமா?

நீர் இருக்கிறதா, இதயத்தை அழுத்துகிறதா என்பதற்கு எக்கோவே முதல் சோதனை. கதிர்வீச்சு இல்லை, படுக்கையருகிலேயே எடுத்துவிடலாம். ஆனால் லீட் நுனி எங்கே இருக்கிறது என்பதை எக்கோ சில சமயம் காட்டிக்கொடுக்காது. அதற்கு மார்பு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சிடி ஸ்கேன். இவற்றோடு, பேஸ்மேக்கரையே கணினியோடு பேசவைத்து லீட்டின் எண்களைப் பார்ப்பார்கள். இதயத்தைத் துடிக்கவைக்கத் தேவைப்படும் மின்சாரம் திடீரென்று கூடியிருந்தாலோ, லீட்டின் மின்தடை மாறியிருந்தாலோ நுனி நகர்ந்திருக்கலாம். ஆனால் எண்கள் சரியாக இருப்பதாலேயே துளை இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

பேஸ்மேக்கர் அட்டையை எங்கே போனாலும் கையோடு வைத்திருங்கள். எந்த நிறுவனத்தின் கருவி என்று தெரியாவிட்டால் அதோடு பேசும் சரியான இயந்திரத்தைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் நீர் வற்றுமா? நீர் பிரிக்கும் மாத்திரை போட்டால்?

இரண்டும் வேண்டாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது: உடம்பில் நீர் கூடினால் வெளியேற்றுவதுதானே முறை. ஆனால் உறைக்குள் இருப்பது கசிந்த ரத்தம் அல்லது அழற்சியால் சுரந்த நீர். நீங்கள் குடித்த தண்ணீர் அங்கே போய்த் தேங்கவில்லை.

அதைவிட முக்கியம், நெருக்கத்தில் இருக்கும் இதயம் பிழைத்துக் கிடப்பதே உடம்பிலிருந்து ரத்தக்குழாய்கள் வழியே திரும்பி வரும் ரத்தத்தின் அழுத்தத்தால்தான். அந்த அழுத்தம் உறையின் அழுத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்வரைதான் ரத்தம் உள்ளே நுழையும். நீர் பிரிக்கும் மாத்திரை அதையும் குறைத்துவிடும். அதனால்தான் டாம்போனேட் வந்தவருக்கு அவசரப் பிரிவில் பல சமயம் இதற்கு நேர்மாறாக, ரத்தக்குழாய் வழியாகச் சலைன் ஏற்றுகிறார்கள். பார்க்கும் சொந்தக்காரர்கள் "ஏற்கெனவே நீர், இதில் இன்னும் நீரா?" என்று பதறுவார்கள். காரணம் இதுதான்.

இதயச் செயலிழப்புக்காக ஏற்கெனவே நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது. எக்கோ முடிவைச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

சரி, அப்படியானால் மருந்தே கிடையாதா?

அழற்சியால் வந்தது என்றால் உண்டு. காய்ச்சல், மூச்சு இழுத்தால் வலி, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு கூடுதல் ஆகியவை சேர்ந்திருந்தால் ஆஸ்பிரின் அல்லது இபுபுரூஃபன் போன்ற அழற்சி எதிர்ப்பு மாத்திரையோடு கோல்சிசின் கொடுப்பார்கள். கோல்சிசின் பெரும்பாலும் எடையைப் பொறுத்து நாளுக்கு 0.5 மி.கி. ஒரு முறையோ இரு முறையோ, சுமார் 3 மாதம். வலி போனதும் நிறுத்திவிட்டால் திரும்ப வரும் என்பதால்தான் இவ்வளவு நாள். வயிற்றுப்போக்கு வந்தால் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைப்பார்கள். சில ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளோடு, முக்கியமாக கிளாரித்ரோமைசினோடு, இது சேரக் கூடாது. இதே கோல்சிசின் செங்காந்தள் கிழங்கிலும் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு யாரும் கிழங்கைத் தேடிப் போக வேண்டாம், அது கொடிய விஷம்.

அழற்சி இல்லாமல் வெறும் நீர் மட்டும் என்றால் இந்த மாத்திரைகளுக்குப் பெரிய வேலை இல்லை. இதய அறுவை சிகிச்சைக்குப் பின் நீர் கோத்தவர்களிடம் டைக்ளோஃபெனாக்கையும் கோல்சிசினையும் தனித்தனி ஆய்வுகளில் சோதித்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட நீர் கூடுதலாகக் குறையவில்லை. அதனால் "எனக்கு ஒரு மருந்தும் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்" என்று மருத்துவர்மேல் வருத்தப்பட வேண்டியதில்லை. கொஞ்ச நீர், கூடவில்லை, தொந்தரவு இல்லை என்றால் சில நாள் இடைவெளியில் எக்கோ எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வைத்தியம். பெரும்பாலும் உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும்.

ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நானே நிறுத்திவிடலாமா?

கூடாது. கசிவு இருக்கும்போது அதை நிறுத்துவது சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் நிறுத்தினால் பக்கவாதம் வரும் ஆபத்து யாருக்கு எவ்வளவு என்று எடைபோட வேண்டும். உலோக வால்வு வைத்தவருக்கும் துடிப்பு ஒழுங்கின்மைக்காகச் சாப்பிடுகிறவருக்கும் கணக்கு வேறு. எதை நிறுத்துவது, எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது என்று இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்தச் சொன்னது நினைவிருக்கும், தொடங்குவதுதான் மறந்துபோகும்.

ஊசி போட்டு நீரை எடுப்பது எப்படி இருக்கும்?

பெயர் பயமுறுத்தும், ஆனால் செய்வது முழு மயக்கத்தில் அல்ல. தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் சாய்த்துவைத்து, நெஞ்செலும்பின் கீழ்நுனிக்குப் பக்கத்திலோ, எக்கோவில் நீர் அதிகம் தெரியும் இடத்திலோ மரத்துப்போக ஊசி போடுவார்கள். பிறகு எக்கோவையோ எக்ஸ்ரே திரையையோ பார்த்தபடியே நீண்ட ஊசியை உறைக்குள் செலுத்தி, அதன் வழியே ஒரு மெல்லிய குழாயை விட்டுவைப்பார்கள். அழுத்துவது மாதிரி இருக்கும், சிலருக்கு வலிக்கும்.

முதல் 50, 100 மி.லி. வெளியே வந்ததுமே ஆள் மாறிவிடுவார். ரத்த அழுத்தம் ஏறும், மூச்சு இளகும். கடைசியில் புகுந்த கொஞ்ச நீர்தான் அழுத்தத்தை எகிறவைத்தது, அதை எடுத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. குழாயை ஓரிரு நாள் விட்டுவைத்து, நாளுக்கு 25, 30 மி.லி.க்குக் கீழே இறங்கியதும் எடுத்துவிடுவார்கள். ரத்தம் நிற்காமல் வந்தாலோ உறைந்து கட்டியாகி ஊசிக்கு வராவிட்டாலோ அறுவை சிகிச்சைதான் வழி.

லீட்டை எடுத்துவிட்டு மாற்ற வேண்டுமா?

நீர் வந்தது என்பதற்காக மட்டும் தேவையில்லை. அழற்சியால் வந்த நீருக்கு லீட்டைத் தொடுவதே இல்லை. நுனி துளைத்து வெளியே போயிருக்கிறது, எண்கள் கெட்டிருக்கின்றன, வலியோ விக்கலோ தொடர்கிறது என்றால் அதைப் பின்னுக்கு இழுத்து வேறு இடத்தில் பொருத்துவார்கள். இழுக்கும் நேரத்தில் துளை திறந்து கசிய வாய்ப்பு உண்டு. அதனால் எக்கோவும் அறுவை சிகிச்சைக் குழுவும் தயாராக இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும். அந்த வசதி இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

நான் கையைத் தூக்கியதால்தான் இது வந்ததா?

அப்படி உங்களையே குற்றம்சாட்டிக்கொள்ளாதீர்கள். முதல் 4 முதல் 6 வாரம் கையைத் தோளுக்கு மேல் தூக்காதீர்கள், பாரம் தூக்காதீர்கள் என்று சொல்வது லீட் இடம் நழுவாமல் இருக்க. துளை விழுவது பெரும்பாலும் சுவரின் மென்மையும் நுனி நின்ற இடமும் சேர்ந்து செய்கிற வேலை. பயத்தில் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும், அது தனித் தொல்லை. தோளுக்குக் கீழே தாராளமாக அசைக்கலாம்.

கம்பியே இல்லாத குட்டி பேஸ்மேக்கருக்கு இந்தப் பிரச்சினை இல்லையா?

இருக்கிறது. தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாகக் கொண்டுபோய், பெரும்பாலும் வலது கீழறையிலேயே பதிக்கும் அந்தக் கருவியும் சுவரைப் பிடித்துத்தான் நிற்கிறது. அறிகுறிகளும் வைத்தியமும் இதேதான்.

வீட்டில் என்ன கவனித்துக்கொள்ளலாம்?

காலையும் மாலையும் ரத்த அழுத்தம், ஒரே கையில், உட்கார்ந்தபடி. எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். வழக்கமாக 130 இருப்பவருக்கு 100 என்றால், அது புத்தகக் கணக்கில் சரியானதாக இருந்தாலும் அவருக்குச் சரியில்லை. எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று பாருங்கள். நேற்று ஒன்று, இன்று மூன்று என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய சேதி அது. வலிக்கு நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் கசிவு கூடும். அழற்சி என்று சொல்லியிருந்தால், வலி நின்று சிஆர்பி இயல்புக்கு வரும்வரை ஓட்டம், உடற்பயிற்சி வேண்டாம், வீட்டுக்குள் நடமாடலாம்.

நீர் வற்றிவிட்டது. திரும்ப வருமா?

துளையால் வந்து, துளை மூடிவிட்டது என்றால் வருவது அபூர்வம். அழற்சியால் வந்தது சிலருக்குத் திரும்பும், பெரும்பாலும் மாத்திரையைச் சீக்கிரம் நிறுத்தும்போது. மிக அரிதாக, உறை தழும்பேறித் தடித்து இதயத்தை இறுக்கலாம். மாதங்கள் கழித்துக் கால் வீக்கமும் வயிறு உப்புதலும் வந்தால் பழைய கதையை மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள். துளையும் இல்லை, அழற்சியும் இல்லை, ஆனாலும் நீர் சேர்ந்துகொண்டே இருக்கிறது என்றால் பழியை பேஸ்மேக்கர்மேலேயே போட்டுக்கொண்டிருக்க முடியாது. தைராய்டு குறைவு, சிறுநீரகச் செயலிழப்பு, காசநோய், புற்றுநோய் இவற்றிலும் இதய உறையில் நீர் கோக்கும். எடுத்த நீரைப் பரிசோதனைக்கு அனுப்புவதும், கூடவே தைராய்டு, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்கச் சொல்வதும் அதனால்தான்.